மண்டபம் பிடிச்ச பிறகு நிண்ட பரிசு

பரிசு கிடைச்ச பிறகு விழா வைக்கிறதுதான் உலக வழக்கம். டென்மார்க்கிலை புரொண்பித் தமிழருக்கு அது சரிவராது. கலியாணம், சாமத்தியவீடு எண்டு மண்டபமெல்லாம் முன்கூட்டியே போயிடும். அதாலை, நிரோஜினியின்ரை டச்சு நாவல் நெதர்லாந்திலை இளம் எழுத்தாளர் பரிசின்ரை கடைசிச் சுற்றுக்கு வந்த கையோடை, மாமியார் யோகம்மா மண்டபத்தைப் பிடிச்சிட்டா. பொன்னாடையும் வாங்கியாச்சு. பரிசு வருமோ வராதோ எண்டு ஒரு சனமும் கேக்கேல்லை!

நிரோஜினி நெதர்லாந்திலை பிறந்து வளந்தவள். ஆரணனைக் கட்டி டென்மார்க்குக்கு வந்தவள். இஞ்சை டச்சு ஆருக்கு விளங்கப்போகுது எண்ட துணிச்சலிலை, மாமியை அப்பிடியே வைச்சு ஒரு அத்தியாயம் எழுதிப்போட்டாள். மருமகள் சமைக்கிற சட்டியைத் திறந்து, ருசி பாராமலே உப்பு அள்ளிப் போடுற மாமியார். பிறகு மகன் சாப்பிட ஏலாமல் முழிக்க, "உன்ரை மனுசிக்கு உப்பு மட்டுத் தெரியாது" எண்டு சொல்லுறதும் அவதான். வாசிச்ச வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சினம்.

விழாவிலை புத்தகத்தைத் தமிழிலை சொல்ல ஓகூஸ் நகரத்திலையிருந்து இரத்தினசிங்கம் மாஸ்டர் வாறாராம். முந்தி நெதர்லாந்திலை இருந்தவர், டச்சு தண்ணிபட்ட பாடு. எந்த அத்தியாயம் வாசிக்கப் போறியள் எண்டு நிரோஜினி கேட்டதுக்கு, "சமையல் அத்தியாயம்தான் பிள்ளை, சனம் ரசிக்கும்" எண்டார். அந்த மனுசன் யோகம்மா வீட்டிலை கை நனைக்காதவர், கதையிலை வாறது ஆரெண்டு அவருக்குத் தெரியாது. மண்டபத்துக்கு வாற மிச்சச் சனம் முழுக்க அங்கை சாப்பிட்ட ஆக்கள். ஆளைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? முன்வரிசையிலை பட்டுச்சீலையோடை இருக்கப்போற மாமியின்ரை முகத்தை நினைக்க அவளுக்குச் சோறு இறங்கேல்லை. மறிச்சால், ஏனெண்டு மாமி கேப்பா.

ஒரு சனிக்கிழமை காலமை பதிப்பாளர் போன் எடுத்தார். பரிசை நடத்தின அமைப்பு அதை ஒரேயடியா நிப்பாட்டிப் போட்டுதாம். இந்தமுறையும் இல்லை, இனிமேலும் இல்லை. மனுசன் அழாத குறை. நிரோஜினிதான் அவரைத் தேற்றினாள். போனை வைச்சதும், அம்மாடி! நெஞ்சிலை கிடந்த பாறாங்கல்லை ஆரோ தூக்கி எறிஞ்ச மாதிரி இருந்துது.

வராத கவலையை முகத்திலை வரவழைச்சுக்கொண்டு குசினிக்குப் போனாள். "மாமி, பரிசை நிப்பாட்டிப் போட்டினமாம். விழா இல்லை."

வெங்காயம் வெட்டின யோகம்மா நிமிந்தா. "உண்மையாவோ?"

"ஓம் மாமி."

"அப்பாடா!" எண்டு மனுசி கதிரையிலை பொத்தெண்டு இருந்திட்டா. "மாஸ்டர் போன கிழமை அந்தச் சமையல் அத்தியாயத்தைப் போனிலை முழுக்க வாசிச்சுக் காட்டினவர் பிள்ளை. அண்டையிலையிருந்து கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு சிரிச்சுப் பழகிறன். முன்வரிசையிலை நான் அழுதால் உன்ரை விழாவெல்லோ பழுதாப்போகும்."

"அதை வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே மாமி?"

"புத்தகத்திலை அதுதான் திறமெண்டு அவர் சொன்னவர். திறமானதை நான் எப்பிடி மறிக்கிறது?"

நிரோஜினி மாமியைக் கட்டிப்பிடிச்சு விக்கி விக்கி அழுதாள். சத்தம் கேட்டு ஆரணன் ஓடிவந்தான். பரிசு நிண்ட விசயத்தைக் கேட்டுப்போட்டு, "இதுக்குப் போய் அழுறதோ? அடுத்த வருசம் வேறை பரிசுக்கு அனுப்புவம்" எண்டான்.

"வேண்டாம்!" எண்டு ரெண்டு பேரும் ஒரே குரலிலை கத்திச்சினம்.