ஒரு மீட்டர் நீளப் பஞ்சு உருண்டை

ஒரு மீட்டர் நீளத்தில் பஞ்சு உருண்டையா, விளக்கவும் என்று ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. 1999 நவம்பர். ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சரக்கு விவரத்தை எக்ஸ்எம்எல் என்ற புது எழுத்துமுறையில் அனுப்பினால் அவர்கள் கம்ப்யூட்டர் தானே படித்துக்கொள்ளும் என்று வாய் கிழியப் பேசி, முதலாளி ராஜரத்தினத்தைச் சம்மதிக்க வைத்தவளும் நானே. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பழையபடி ஃபேக்ஸ்தான், நான் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறிவிடலாம் என்றார் அவர்.

விவரம் ஏற்றிய சுயம்புலிங்கம் அண்ணாச்சி மேல் பாய்ந்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நீளம் போடலைன்னா ஒம் மிசின் உள்ளயே விடமாட்டேங்குது. அதான் ஒன்னுன்னு போட்டேன்."

ஊரே மீட்டர் கணக்கில் துணி சுற்றுகிற ஊர். நானும் விவரம் ஏற்றுவதற்கு எழுதிய விதிகளில், எல்லாச் சரக்குக்கும் பொதுவான ‘பொருள்’ என்ற அடிப்படை வகையிலேயே நீளத்தைக் கட்டாயமாக்கியிருந்தேன். பஞ்சு உருண்டைக்கு ஏது நீளம்?

பொறி தட்டியது. ‘பொருள்’ பெயரோடும் குறியீட்டோடும் நிற்கட்டும். அதிலிருந்து ‘சுருள்’ கிளைக்கட்டும்; நீளமும் அகலமும் அதற்கு. ‘உருண்டை’ தனிக் கிளை, அதற்கு எண்ணிக்கை. பொருள் கேட்கிற இடத்தில் எந்தக் கிளையும் உட்காரலாம். தான் எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு மாவுக்கட்டுத் துணியும் போடப்போறேன். அப்பவும் எல்லாத்தையும் பிரிச்சு மேய்வியா?"

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போடுதேன்."

மாவுக்கட்டுத் துணியும் சுருள்தானே! சுருளிலிருந்து ஒரு கிளை இழுத்து, தண்ணீரில் நனைக்கும் நேரத்தை மட்டும் கூட்டினேன். பழைய வரி ஒன்றையும் தொடவில்லை. புது விதிகளையும் சரக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதில் வந்தது: எல்லாம் ஏற்கப்பட்டது. உருண்டையும், மாவுக்கட்டுத் துணியும். நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன். முதலாளி கம்ப்யூட்டர் உறையை எடுத்து ஃபேக்ஸ் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி திரையில் நீளமே கேட்காத உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ இனிமே நான் பொய் எழுத வேண்டாம், இல்லியாம்மா?"