கொடிக்கு யார் ஓட்டுவது

ஹெல்மெட்டைக்கூட அவள் கழற்றவில்லை, அதற்குள் சின்ன முதலாளி பந்தயக் காருக்குள் ஏறிவிட்டான். சற்று முன் அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது டயர் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோலும் இருந்தது. முன்னால் போன வண்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அப்போதுதான் காதிலிருந்த ரேடியோவில் மேனேஜரின் குரல்: "உள்ள வாம்மா."

"ஏன் சார்?"

"டிவிக்காரங்க வந்திருக்காங்க. தம்பி ஓட்டுறதை எடுக்கணுமாம்."

காலையில் தொடங்கி மாலையில் முடியும் பந்தயம். ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்ட வேண்டும். இந்த அணியில் சேர்ந்ததிலிருந்து உச்சி வெயில் அவளுக்கு, கடைசி ஓட்டம் முதலாளி மகனுக்கு. பின்தங்கிக் கிடக்கும் வண்டியை அவள் முன்னுக்குக் கொண்டுவருவாள், எல்லைக்கோட்டை அவன் தாண்டுவான். மறுநாள் பேப்பரில் அவள் பெயர் 'உடன் ஓட்டியவர்'. முடிவுக் கொடி ஒருமுறைகூட அவள் கண்ணெதிரே அசைந்ததில்லை.

டயர் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது.

அணியின் நேரக் கணக்கைப் பார்ப்பவள் அவளுடைய அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மூஞ்சிய தூக்கி வச்சுக்காதடி. இப்ப உன்னைத் தேடிட்டு வருவாங்க பாரு."

"எதுக்காம்?"

"ஒவ்வொருத்தரும் குறைஞ்சது இவ்ளோ நேரம் ஓட்டணும்னு விதி இருக்குல்ல? படம் பிடிக்கிற ஆசையில உன் நேரத்தை வெட்டிட்டாங்க. நீ திரும்ப ஏறலைன்னா வண்டியே கணக்குல வராது. மேனேஜர்கிட்ட அப்பவே சொன்னேன். 'போய் டீ குடிம்மா'ன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் குழைந்துகொண்டு வந்தார். "கண்ணு, கொஞ்சம் ஏறேம்மா."

"டிவிக்காரங்க போயிட்டாங்களா சார்?"

அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கோவிச்சுக்காத. விதிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான். அப்புறம் தம்பி முடிச்சிடுவான்."

அப்படியென்றால் அவளுடைய வேகம் யாருக்கும் வேண்டாம். மூட்டையை ஏற்றுவது மாதிரி அவளை ஏற்றி, நேரம் ஆனதும் இறக்கிவிட வேண்டும். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முடியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், அவள் இழுத்துக்கொண்டு வந்த தூரமெல்லாம் வீணாகிவிடும்.

எழுந்தாள். டேங்க்கை நிரப்பினார்கள். இறங்கிய சின்ன முதலாளி அவள் தோளைத் தட்டினான். "மெதுவா ஓட்டுங்கக்கா, வந்து நான் பாத்துக்கறேன்."

அவள் ஏறிக் கிளம்பினாள். முன்னால் போன வண்டியைப் பிடித்தாள். நீண்ட வளைவில் உள்பக்கமாக நுழைந்து தாண்டினாள்.

"நேரம் ஆச்சு. உள்ள வா" என்றார் மேனேஜர்.

வண்டியை நிறுத்தி ஆள் மாற்றும் 'பிட்'டுக்குத் திரும்பும் பாதை வந்தது, போனது.

"கேக்குதா? ஏம்மா, கேக்குதா இல்லையா?"

"நல்லா கேக்குது சார். வரமாட்டேன்."

"அடுத்த வருஷம் இந்த சீட்டு உனக்குக் கிடையாது, ஞாபகம் வச்சுக்க!"

"இந்த வருஷம் இருக்குல்ல?"

ஏதோ தள்ளுமுள்ளுச் சத்தம். பிறகு மைக்கைப் பிடுங்கிக்கொண்ட அக்காவின் குரல்: "பெட்ரோல் கடைசி வரைக்கும் தாங்கும். நீ போடி."

கொடி அசைந்தது. கட்டம் கட்டமாக, அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. மற்றவர்களைப் போல அவள் கையை உயர்த்தவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே இன்னொரு சுற்றுப் போனாள். கோபம் இன்னும் தீரவில்லை.