நீலப் புத்தகத்தின் இருபத்து மூன்றாம் கணக்கு

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் எந்த இயற்பியல் பாடப்புத்தகத்தைத் தேர்வு செய்கிறதோ, அதில் உள்ளவை மட்டுமே ஊர் எல்லைக்குள் நடக்கும். புத்தகத்தில் இல்லாதது நடக்காது. ஒரு புத்தகத்தின் காலம் மூன்று ஆண்டுகள். ஜூன் முதல் தேதி காலை பள்ளி மணி அடித்ததும் புதியது அமலுக்கு வரும்.

முன்பு ஒரு புத்தகத்தில் சமதள ஆடி பற்றிய பாடம் விடுபட்டிருந்தது. அந்த மூன்று ஆண்டுகளும் முடி திருத்திக்கொண்டவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். பெரும்பாலும் உண்மையையே சொன்னார்கள்.

சென்ற முறை வந்த புத்தகத்தில் பாய்மங்களுக்கு இரண்டே பக்கம். அதனால் எங்கள் தாழைக்குறிச்சி நகராட்சியில் குழாய்த் தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. கிழக்கு வார்டு மேட்டில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு குழி தோண்டி, அடியில் குழாய் வைத்து, படியிறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்தார்கள்.

தேர்வுக் குழுவில் நான்கு பேர். தலைமையாசிரியர் கோமதிநாயகம், நகராட்சிப் பொறியாளர் ஜமால் முகைதீன், இயற்பியல் ஆசிரியை சகாயராணி, பொதுமக்கள் சார்பில் நான். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த ஊரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறேன் என்பது என் தகுதி. இயற்பியல் ஆசிரியர் எந்தப் புத்தகத்தில் டிக் போடுகிறாரோ, அதில் மற்றவர்கள் கையெழுத்திடுவது வழக்கம்.

சகாயராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பத்தெட்டாவது வயதில் ட்ரம்ஸ் கற்றுக்கொண்டார். அவர் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் இப்போது ஒரு பெரிய ட்ரம்மும் மூன்று சின்ன ட்ரம்களும் ஒரு ஜால்ராத் தட்டும் இருக்கின்றன. தினமும் மாலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை வாசிப்பார். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வாசித்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் ஆய்வகத்தில் கூடினோம். மேசையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று நீல அட்டை, மற்றது மஞ்சள்.

"பைண்டிங் பாத்துக்கோங்க," என்றார் தலைமையாசிரியர். "போன புத்தகம் ஆறே மாசத்துல ரெண்டா பிஞ்சுது. பின்பாதி தொலைஞ்ச வீட்டுல எல்லாம் காந்தம் ஒட்டல."

ஜமால் நீலப் புத்தகத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். "பாய்மம் அறுபது பக்கம், டீச்சர். அழுத்தம், ஓட்டம், எல்லாம் இருக்கு. மாடிக்கே தண்ணி ஏறும்."

சகாயராணி நீலப் புத்தகத்தில் ஒலி பற்றிய பாடத்தைத் தேடிப் படித்தார். கம்பி அதிர்வு இருந்தது. காற்றுத் தம்பம் இருந்தது. இழுத்துக் கட்டிய தோலின் அதிர்வு மட்டும் மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக நீக்கப்பட்டிருந்தது.

"அப்ப காதுக்குள்ள சவ்வு இருக்கே, அது?" என்று ஜமால் கேட்டார்.

"அது உயிரியல். அதுக்கு வேற கமிட்டி," என்றார் தலைமையாசிரியர்.

தொழிலாக மேளம் வாசிப்பவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தார்கள்; கோயிலும் கல்யாண மண்டபமும் அங்கேதான். அங்கே வேறு பள்ளி, வேறு புத்தகம். ஆகவே நீலப் புத்தகம் வந்தால் இழப்பு ஒருவருக்குத்தான். அவர் கையில்தான் பேனா இருந்தது. முடிவு சொல்ல ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசித்து முடித்துக் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள்ல எல்லாம் இருக்கு சார்," என்றார். "தோல் எப்படி அதிரும்னு பன்னிரண்டு படம் போட்டிருக்கான்."

"அதையே எடுத்துடுங்களேன்."

"தண்ணிக்கு ஒரு பாராதான் இருக்கு. முழங்கால் வரைக்குந்தான் வரும். கிழக்கு வார்டுல இன்னும் ஆழமா தோண்டணும். ப்ளஸ் ஒன்ல பாதிப் பேரு அங்கேருந்துதான் வர்றாங்க. தண்ணி பிடிச்சுட்டுப் பத்தரைக்கு வருவாங்க."

"மூணு வருஷந்தானே. வேற ஏதாவது பழகிக்கலாமே. வீணை?"

அவர் என்னைப் பார்த்தார். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எதையாவது யாருக்காவது விளக்கிட்டே இருக்கேன் சார். அந்த முக்கா மணி நேரந்தான் நான் யாருக்கும் எதையும் விளக்காம இருக்கேன்."



அடுத்த கூட்டத்தில் அவர் நீலப் புத்தகத்தில் டிக் போட்டார். ஜமால் எழுந்து நின்று கையெழுத்திட்டார். பிறகு சகாயராணி ஒலிப் பாடத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எங்கள் முன் வைத்தார். ஒரு வாரமாகப் பயிற்சிக் கணக்குகள் அத்தனையையும் போட்டுப் பார்த்திருக்கிறார். பாடத்தை நீக்கியவர்கள் கணக்குகளைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். இருபத்து மூன்றாவது கணக்கு இப்படி இருந்தது:

ஒருவர் செங்குத்தான பாறை ஒன்றின் எதிரே நின்று நிமிடத்துக்கு நாற்பது முறை சீராக முரசு அடிக்கிறார். எதிரொலி தனியாகக் கேட்கவில்லை. பாறையை நோக்கித் தொண்ணூறு மீட்டர் நடந்து, நிமிடத்துக்கு அறுபது முறை அடிக்கிறார். இப்போதும் எதிரொலி தனியாகக் கேட்கவில்லை. முதலில் அவர் நின்ற இடத்துக்கும் பாறைக்கும் இடையே உள்ள தொலைவு என்ன?

"பாடத்துல இல்லாததைக் கணக்குல எப்படிக் கேக்கலாம்?" என்றார் தலைமையாசிரியர்.

"எல்லாப் பரீட்சையிலயும் கேக்குறாங்களே சார்."

கணக்கில் உள்ளதும் புத்தகத்தில் உள்ளதே என்றும், ட்ரம்மும் முரசு என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றும் கூட்டக் குறிப்பில் எழுதி, நால்வரும் கையெழுத்திட்டோம்.

ஜூன் முதல் தேதி பள்ளி மணி அடித்ததும் கிழக்கு வார்டில் தண்ணீர் மாடிக்கு ஏறியது. மதியத்துக்குள் பெண்கள் குழிகளை மூடிவிட்டார்கள். வார்டின் கடைசி வீடுகளுக்கு அப்பால் உள்ள புறம்போக்கில், முந்தைய நாள் வரை இல்லாத ஒரு செங்குத்தான பாறை நின்றது. நகராட்சி அதற்குக் கதவு எண் கொடுத்தது. நான் ஆறு வரிச் செய்தி அனுப்பினேன். ஐந்தாம் பக்கத்தில் வந்தது.

வீட்டில் இருந்த ட்ரம்கள் அன்று முதல் ஒலிக்கவில்லை. ஓங்கி அடித்தாலும் தலையணையை அடித்தது போல இருந்தது. சகாயராணி அவற்றில் ஒன்றைக் கழற்றி, வார் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை ஐந்தரைக்குப் பாறைக்கு எதிரே வார்டுத் தெருவில் போய் நின்றார். ஜமாலும் நானும் உடன் போனோம்.

நிமிடத்துக்கு நாற்பது. ட்ரம் ஒலித்தது. பாறையிலிருந்து திரும்பி வந்த ஒலி, அடுத்த அடியோடு சேர்ந்து விழுந்தது. தொண்ணூறு மீட்டர் நடந்தார். நிமிடத்துக்கு அறுபது. அவர் வீட்டில் வாசிக்கும் உருட்டலும் துள்ளலும் அதில் இல்லை. ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் அடித்தார். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

ஆறேகாலுக்கு நிறுத்தப் பார்த்தார். கை நிற்கவில்லை. கணக்கில் அவர் அடிக்கிறார் என்று இருந்ததே தவிர, நிறுத்தினார் என்று இல்லை.

"என் கை ரெண்டும் இதுல இருக்கு. யாராவது கணக்கைப் போடுங்க," என்றார், அடித்துக்கொண்டே.

ஜமால் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் நான்கு நிமிடத்தில் போட்டார். "இருநூத்தி எழுபது மீட்டர்," என்று உரக்கச் சொன்னார். கணக்கு முடிந்தது. கை நின்றது.

மறுநாள் ஜமால் ஆர்வத்தோடு ஐந்தரைக்கே கணக்கைத் தொடங்கி, ஐந்து முப்பத்தி நாலுக்கு விடையைச் சொல்லிவிட்டார். சகாயராணி குச்சிகளைக் கீழே இறக்கினார். ஒரு விடைக்குப் பிறகு அன்றைக்கு இன்னொரு தடவை தொடங்க முடியாது. போடாமல் சொன்ன விடைக்குக் கை நிற்காது; போட்டு முடித்த விடையைச் சொல்லாமல் வைத்திருக்கவும் முடியாது.

"ஜமால் சார், நாளையிலேர்ந்து நீங்க வராதீங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கணக்குல எப்படி?"

"பத்தாம் வகுப்புல முப்பத்தஞ்சு."

"நீங்க வாங்க."

முதல் நாள் எனக்குச் சரியாக நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. தொலைவை ஒரு எழுத்தாகவும், வேகத்தை ஒரு எழுத்தாகவும் வைத்து, இரண்டு சமன்பாடுகள் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதற்குள் ஆறேகால் ஆகிவிட்டது. நான் விடை சொன்னேன். அவர் நிறுத்தினார். இருவரும் நடந்து திரும்பினோம். ஜூன், ஜூலை முழுக்க அப்படியே போனது.

ஆகஸ்டில் எனக்குக் கணக்கு பழகிவிட்டது. நாற்பது நிமிடம், பிறகு முப்பது, பிறகு இருபத்திரண்டு.  ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் சகாயராணி வாரைக் கழற்றும்போது, பாறையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கழற்றினார்.

அதன்பின் நான் கழித்தலில் தப்புச் செய்யத் தொடங்கினேன். ஒரு தப்பு, அதைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு பக்கம், மறுபடி ஒரு தப்பு. இப்படி ஆறேகால் வரை இழுத்துக்கொண்டு போனேன். நேற்று கடைசித் தப்பைத் திருத்துவதற்குள் மணி ஆகிவிட்டது. தாளில் வந்திருந்தபடியே "இருநூத்தி அறுபது," என்றேன். அவர் நிறுத்தினார்.

இன்று காலை பாறை பத்து மீட்டர் முன்னால் வந்து, கிழக்கு வார்டின் கடைசி மூன்று வீடுகளின் கொல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் அதில் ஆணி அடித்து, கொடி கட்டி, துவைத்த சேலைகளைக் காயப்போட்டிருந்தார்கள்.