மூன்றாவது வரிசையின் தலைக்கணக்கு

கம்பெனிகள் கழித்துக்கட்டிய சரக்கை மலிவாகத் தள்ளிவிடுவதற்கென்றே நெடுஞ்சாலை ஓரம் கட்டிய அவுட்லெட் வளாகம் அது. நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துக் கடை. மூன்றாவது வரிசையில் கீறல் விழுந்த சூட்கேஸ்களை விற்றே பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்கு சூட்கேஸ்காரி என்றே பெயர்.

வளாகத்தைப் புதுப்பிக்க ஒரு வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நான்கு வரிசையின் முன்வாசலிலும் ஆளெண்ணும் கேமரா மாட்டினார்கள். ஒரு மாதம் எண்ணிவிட்டு முடிவு செய்வோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எண்ணிக்கையை வைத்து எதை இடிப்பார்கள் என்று அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆள் வராத வரிசைக்குத்தானே ஆப்பு, இதற்கு ஆராய்ச்சி வேறா?

சூட்கேஸ்காரி குடும்பத்தையே களத்தில் இறக்கினாள். மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, எல்லோரும் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி மறுபடி முன்வாசலுக்கு வர வேண்டும். கொழுந்தன் மூன்றாம் நாளே முதுகுவலி என்று கழன்றுகொண்டான். அந்த ஆளுக்கு வேலை என்றாலே முதுகு வலிக்கும். ஓரகத்தி ஒரு வாரம் தாங்கினாள். மாமியார் மட்டும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தினம் நாற்பது சுற்று நடந்தார்.

"எம் புள்ளை கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ அலைஞ்சதில்லடி" என்பார். ஆனால் ஒரு சுற்றும் குறைத்ததில்லை.

மாதம் முடிந்ததும் வளாக மேனேஜர் கடைக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க வரிசைதாம்மா முதல் இடம். ரெண்டாவது வரிசைய விட நூத்துச் சொச்சம் ஆளுதான் அதிகம், ஆனாலும் முதல் இடம் முதல் இடம்தானே."

சூட்கேஸ்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப எங்கள இடிக்க மாட்டீங்கல்ல சார்?"

"உங்களதான் இடிக்கிறோம். இவ்ளோ கூட்டம் வர்ற இடத்துல சின்னச் சின்னக் கடைய வெச்சு என்ன பண்றது? தியேட்டர் கட்டப்போறோம். மத்த மூணு வரிசைக்கும் பெயின்ட் அடிச்சு அப்படியே விட்டுடுவோம்."

அவள் உண்மையைக் கொட்டிவிட்டாள். நடந்தது எங்கள் வீட்டு ஆட்கள்தான் என்றாள்.

"கான்ட்ராக்ட் நேத்தே கையெழுத்தாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

முடிவு தெரிந்துகொள்ள மாமியார் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். சூட்கேஸ்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அழுகையும் வந்தது.

மாமியார் முழங்கால் பட்டையை மெல்ல அவிழ்த்தார்.

"அப்ப நான் வீட்டுலயே உக்காந்திருந்தா கடை தப்பிச்சிருக்குமா?"

"தப்பிச்சிருக்கும் அத்தை."