றெக்ஸுக்குத் தெரிந்த சொல்

மாமா வானின் பின்கதவைத் திறந்தபோது றெக்ஸ் உடனே குதிக்கவில்லை. உள்ளே நின்றபடியே எங்கள் முற்றத்தைப் பார்த்தது. கிணற்றடி, வாழைகள், தகரக் கேற், கேற்றடியில் நின்ற நாங்கள் நாலு பேர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. மாமா ஒரு சொல் சொன்ன பிறகுதான் இறங்கியது. இன்னொரு சொல் சொன்னார், குந்தி இருந்தது. வேறொன்று சொன்னார், முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கடை பிள்ளையளும் உப்பிடிக் கேட்டால் எவ்வளவு நல்லம் என்றார். தங்கச்சி யதுர்சிகா உடனே மணலில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "இந்தா இருந்திட்டன். எனக்கும் இறைச்சி போடுங்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தோம். றெக்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன் எங்களிடம் வீமன் இருந்தது. பேர்தான் வீமன். தெருவில் சைக்கிள் போனாலும் குரைக்கும், காகம் இருந்தாலும் குரைக்கும், ஆள் உள்ளே வந்துவிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் உருளும். அது வாகனத்தில் அடிபட்டுச் செத்த மாதம்தான் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் பட்டப்பகலில் களவு போனது. முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்களாம். அப்பா நாய்க்குட்டி ஒன்று தேடத் தொடங்கினார். சத்தம் கேட்டு ஓடிவருகிற குட்டியையும் எடுக்கக் கூடாது, மூலைக்குள் ஒளிக்கிற குட்டியையும் எடுக்கக் கூடாது, தள்ளி நின்று பார்த்துவிட்டு ஆறுதலாக வருகிற குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒன்று கிடைப்பதற்குள் மாமா தன் அல்சேசன் றெக்ஸையே தந்துவிட்டார்.

சிவகரன் மாமா அம்மாவின் தம்பி. ஜேர்மனியில் இருந்துவிட்டு, இனி இங்கேதான் என்று கொழும்புத்துறையில் வீடு கட்டினார். மாமிக்கு இந்த வெயில் ஒத்துவரவில்லை. திரும்பிப் போக முடிவெடுத்தபோது வீட்டை வாடகைக்குக் கொடுத்தார்கள், நாயைக் கொடுக்க எங்களைத் தவிர ஆளில்லை. போவதற்கு முதல்நாள் மாமா அம்மாவையும் அப்பாவையும் இருத்தி விளக்கினார். நான் குசினிக் கதவடியில் நின்று கேட்டேன். ஒருவர்தான் சாப்பாடு வைக்க வேண்டும். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகக் கூடாது. அடிக்கவே கூடாது. வெளியாட்கள் நிற்கும்போது அவிழ்க்கக் கூடாது.

"நாய்க்குத் தமிழுமில்லை, டொச்சுமில்லை, அத்தான். சத்தந்தான். ஒரு சத்தத்துக்கு ஒரு வேலை. அதை மாத்திப் பறைஞ்சா குழம்பிப்போகும்."

இருக்கிறதற்கும் படுக்கிறதற்கும் வாறதற்கும் ஜேர்மன் மொழியிலேயே, டொச்சிலேயே, சொற்களைச் சொல்லித் தந்தார். இன்னுமொரு சொல் இருக்கிறது என்றும் சொன்னார். அது கள்ளனுக்கு. அதைச் சொல்லித் தர மாட்டாராம். தெரியாத சொல்லை ஒருவரும் தவறிச் சொல்லப் போவதில்லை, அதுதான் பாதுகாப்பு என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

ஒரு கிழமைக்குள் அப்பா வீமனோடு கதைத்த மாதிரியே றெக்ஸோடும் கதைக்கத் தொடங்கிவிட்டார். இஞ்சை வாடா ராசா என்பார், அங்காலை போ, அடிக் அடிக் என்று விரட்டுவார். றெக்ஸ் அவரைத் திரும்பியும் பார்க்காது. பகலில் வீட்டில் நிற்கிறவள் நான் என்பதால் சோறு வைக்கிற வேலை என்னிடம் வந்தது. எனக்கும் அதற்கும் சரிவந்தது. நான் கையைக் கீழே காட்டினால் இருக்கும், கோப்பையைத் தட்டினால் சாப்பிடும். கதைக்கத் தேவையிருக்கவில்லை. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் தொண்டையிலேயே நின்றுவிடும். உரத்து, உரத்து என்று ரீச்சர் மேசையில் தட்டுவா, பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் இரண்டு தரம் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. அவர்களுடைய எண்ணமெல்லாம் யதுவின் மேல் போய்விட்டது.

யது ஓ.எல். சோதினை எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சிவகௌரி அன்ரி ஒருநாள் பின்னேரம் வேலிப்பொட்டுக்குள்ளால் வந்து அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தா. யது தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அன்ரி அவளை நிமிர்ந்து பார்த்து, "உவளுக்கென்ன, கண்ணை மூடிக்கொண்டு பாஸ்" என்றா. தூணில் கட்டியிருந்த றெக்ஸின் சங்கிலி சடாரென்று இழுபட்டது. றெக்ஸ் நாலு காலிலும் எழும்பி, கழுத்துப்பட்டி இறுக நின்றது. குரைக்கவில்லை. அன்ரி பயந்து தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டா.

அப்பாவுக்கு அது பெரிய பகிடியாகப் போய்விட்டது. நாய்க்கும் சோதினை விளங்குது என்றார். பெயில் என்று சொல்லிப் பார்த்தார், றெக்ஸ் காதைக்கூட அசைக்கவில்லை. பாஸ் என்றார், எழும்பியது. அன்றிலிருந்து யார் வந்தாலும் இந்த விளையாட்டுத்தான். பால்காரருக்குக் காட்டினார், கரண்ட் பில் எழுத வந்தவருக்குக் காட்டினார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் பெயிலைத் தெரியாத ஒரே ஆள் உதுதான் என்று அப்பா ஒருநாள் சொன்னார். பிறகு குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, உன்னைச் சொல்லேல்லைப் பிள்ளை என்றார்.

நான் தள்ளி நின்று பார்ப்பேன். சந்தோசமான நாய்க்கு வாய் திறந்திருக்கும், நாக்குத் தொங்கும். அந்தச் சொல்லைக் கேட்டு எழும்புகிறபோது றெக்ஸின் வாய் மூடியிருந்தது. வால் ஆடவில்லை. சொன்ன அப்பாவை அது பார்ப்பதுமில்லை. அப்பாவின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அங்கே நிற்கிற ஆளைப் பார்க்கும்.

இன்னொன்றையும் கண்டேன். சங்கிலியைத் தூணில் மாட்டியிருந்த கொளுக்கி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருந்தது. முதலில் அதன் வாய்க்குள் ஈர்க்கு மட்டுந்தான் போனது. பிறகு என் சின்னவிரல் போனது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேப்பரை மடிக்காமலே, மாமா ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த சங்கிலி, யானையும் கட்டலாம் என்றார். சங்கிலிதான் ஜேர்மனி, கொளுக்கி நல்லூரில் வாங்கியது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

றிசல்ட் வந்த அன்று காலையில் இணையத்தில் பக்கம் திறபடவேயில்லை. ரியூசன் சேர் எடுத்துத் தருவார் என்று யது சைக்கிளில் போனாள். அம்மா கோயிலுக்குப் போனா. அப்பா கேற்றடியில் நின்று, துடைத்த சைக்கிளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் போன் குசினியில் அடித்தது. மாமா. நான் எடுக்காமல் விட்டிருப்பேன். ஆனால் இரண்டாம் தரமும் அடித்தது.

றிசல்ட் வரவில்லை என்றேன். றெக்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாயிருக்கு, சாப்பிடுது என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியாமல், பாஸ் என்று சொன்னால் எழும்புகிறதையும் சொன்னேன்.

மாமா இடைமறித்தார்.

"ஆர் உங்களுக்கு அந்தச் சொல்லைச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை, சோதினை பாஸ் என்று கதைக்கிறதுதான் என்றேன். மாமா ஏதோ டொச்சில் சொன்னார். பிறகு தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அது ஃபாஸ், பிள்ளை. பிடி, கடி எண்டு அர்த்தம். அங்கை நாயைப் பழக்கின செல்வநாயகம் அண்ணைக்கு அந்த எழுத்து வாயிலை வராது. பாஸ், பாஸ் எண்டுதான் பழக்கினவர். எனக்கு உது மண்டையிலை ஓடேல்லை. கட்டித்தானே இருக்கு?"

"ஓம்."

"அவிழ்க்காதையுங்கோ. பிடிச்சிட்டா அடிச்சாலும் விடாது. அவுஸ் எண்டு சொன்னாத்தான் விடும். அவுஸ்திரேலியாவிலை வாற அவுஸ். ஆனா உரத்துச் சொல்லோணும். மெல்லச் சொன்னா அதுக்குக் கேளாது." யாரோடு கதைக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்பாவைக் கூப்பிடு பிள்ளை. போனை அவரிட்டைக் குடு."

போனைக் காதில் வைத்தபடியே முற்றத்துக்கு இறங்கினேன். தூணில் கொளுக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் முழுதாகத் திறந்திருந்தது. றெக்ஸ் வாழை நிழலில் படுத்திருந்தது. சங்கிலி அதன் கழுத்திலிருந்து மணலில் வளைந்து வளைந்து கிடந்தது. தான் அவிழ்ந்துபோனது அதற்கு இன்னும் தெரியவில்லை.

ஒழுங்கை முடக்கில் சைக்கிள் மணி கேட்டது. யது எப்போதும் மூன்று தரம் அடிப்பாள். அப்பா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றை அகலத் திறந்தார். யது இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முகத்தை நீட்டி வைத்திருந்தாள். அவள் சந்தோசத்தை அப்படித்தான் கொஞ்ச நேரம் ஒளித்து வைப்பாள், ஆனால் உதட்டின் ஒரு பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அன்று எந்தப் பக்கமும் அசையவில்லை.

அப்பா என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. முகம் யதுவைப் பார்த்திருந்தது. அவளுடைய தலையைத் தடவ ஒரு கையைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை," என்றார், "பாஸோ?"

றெக்ஸ் எழும்பியது. வாய் மூடியிருந்தது. என் காதுக்குள் மாமா, "பிள்ளை, நிக்கிறியோ? உரத்து, பிள்ளை, உரத்து" என்றார். நான் வாயைத் திறந்தேன். மணலில் வளைந்து கிடந்த சங்கிலி, கண்ணி கண்ணியாக, கேற்றுப் பக்கம் நிமிர்ந்துகொண்டு போனது.