இரண்டு தரம் அடித்து நிற்கும் மணி

புஸ்பத்தின் வீட்டுத் தொலைபேசி பேசுவதற்கென்று வைத்ததல்ல. வாவிக்கரையிலுள்ள குருக்கள்மடத்தில் அவளுடைய ஒழுங்கைச் சனத்துக்கே அது தெரியும். புருசன் நல்லரத்தினம் லொறி ஓட்டுகிறவன். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவான். வழியிலுள்ள ஆமிச் சோதனைச்சாவடிகளெல்லாம் தாண்டி, அங்கே போய் இறங்கியதும் வீட்டுக்கு அடிப்பான். மணி இரண்டு தரம் அடித்து நின்றுவிடும். ஆள் பத்திரம் என்று அர்த்தம். புஸ்பம் எடுக்கமாட்டாள். எடுத்தால் காசு.

அந்தப் பெட்டியை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. உப்புக் காற்றுப் படாமல் துடைப்பாள். பூப்போட்ட துணியால் மூடுவாள். காலையும் மாலையும் றிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, 'கொர்' என்ற சத்தத்தைக் கேட்டபிறகுதான் அடுத்த வேலை.

இந்தமுறை நேற்று மத்தியானமே அடித்திருக்கவேண்டிய மணி, இன்று விடிந்தும் அடிக்கவில்லை. தூக்கிப் பார்த்தாள். 'கொர்' சத்தம் சுகமாகத்தான் வந்தது. போனில் பிழையில்லை என்றால், அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. எந்தச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்களோ! வாவிக்கு அக்கரையில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. அதைக்கூட அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுக் கண்ணகைதான் கேட்டாள்: "முதல்ல இந்தச் சாமான் வேலை செய்யுதோ?"

"சத்தம் வருகுதேகா."

"நீ தூக்கினா வரும். ஆராவது அடிச்சா வருமோ?"

நல்லரத்தினத்தைத் தவிர அந்த வீட்டுக்கு அடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

கண்ணகை தபாற்கந்தோருக்குப் போய் அங்கிருந்து அடிப்பதென்று ஏற்பாடு. புஸ்பம் போனுக்கு முன்னால் குந்தியிருந்தாள். மணி அடிக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள்ளே பல்லி சொல்வது போல 'டிக் டிக்' என்றது. மெல்ல றிசீவரைத் தூக்கினாள்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறன், எடுக்கிறாயில்லையேகா" என்றாள் கண்ணகை.

புஸ்பத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கால் அடிக்கச் சொல்லிவிட்டு, திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே இரண்டு மணிக் கிண்ணங்களுக்கும் நடுவில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மணியை அடிக்கிற சின்னச் சுத்தியல், மண்ணில் முட்டி முட்டி, கிண்ணத்தில் படாமல் துடித்திருக்கிறது. வெளியே துடைத்த துடைப்பில் முகம் பார்க்கலாம். உள்ளே குளவி குடும்பம் நடத்துகிறது. ஈர்க்கிலால் சுரண்டி, ஊதி, மூடியைப் பூட்டினாள். கண்ணகை அடித்தபோது மணி வீடு அதிர ஒலித்தது.

அடித்திருப்பான் என்ற ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நின்றது. அடித்தான் என்று யார் சொல்வது? பின்னேரம் வரை அவள் பெட்டியை விட்டு அசையவில்லை.

பின்னேரம் மணி அடித்தது. ஒன்று, இரண்டு. கையெடுத்துக் கும்பிடப் போனவளை மூன்றாவது மணி நிறுத்தியது. நிற்காமல் அடித்தது. அவனாக இருந்தால் நிற்குமே! கெட்ட செய்திதான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள்.

"புஸ்பமோ?"

நல்லரத்தினத்தின் குரல். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும்.

"இஞ்சாருங்க, ஏன் நிப்பாட்டாம அடிக்கிறீங்க? காசெல்லோ போகுது."

"நான் நேற்றே வந்து அடிச்சிற்றன். இண்டைக்கு றேடியோவில நம்மட பக்கம் ஷெல்லடி எண்டு சொன்னான்."

"அது வாவிக்கு அங்கால படுவான்கரையில. இஞ்ச ஒண்டுமில்ல."

"நான் ரெண்டுதரம் அடிச்சா, நான் உசிரோட இருக்கிறது உனக்குத் தெரிஞ்சிரும். நீ இருக்கிறாய் எண்டு எனக்கு ஆர் சொல்லுற? இவ்வளவு காலமும் அடிச்சு வெச்சுப்போட்டு, கேக்கிறதுக்கு அங்க ஆள் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமத்தான் படுக்கிறன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. போனை வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆடு குட்டி போட்டிருக்கு" என்றாள். "ரெண்டும் கிடாய்."

"பிறகு?" என்றான் அவன்.