சம்மட்டிச்சாமி பொம்மையா?

நான்கு எலும்பு வீரர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அந்த நொடியில் அவள் மண்டபத்தின் வெளிச்சம் மொத்தத்தையும் அணைத்தாள்.

திரை தார் பூசியதுபோல் கறுத்தது.

"எண்ணுப்பா!" என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரன் எண்ணினான். அவன் திரையில் படம் கிடையாது. யார் யாரை எந்த நொடியில் அடித்தார்கள் என்ற வரிகள் மட்டும் விடாமல் ஓடும்.

"ஒண்ணு காலி... ரெண்டு... அடப்பாவி, மூணும் நாலும் ஒரே வீச்சுல! மொத்தம் ஒம்பது செகண்டு, ஜட்ஜம்மா. வெளிச்சம் இருந்தப்ப பதினொண்ணு. இருட்டுல இன்னும் சுறுசுறுப்பா அடிக்கிறான்!"

அவள் வெளிச்சத்தைத் திரும்பக் கொடுத்தாள். உடைந்த எலும்புகளுக்கு நடுவே, தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் மாட்டிய ஓர் உருவம் நின்றிருந்தது. கையில் ஆள் உயரச் சம்மட்டி. கழுத்தில் ஜெபமாலை. எதுவுமே நடக்காததுபோல் அடுத்த வாசலை நோக்கி நடந்தது.

மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு அந்த உருவத்தை அவள் அழித்தாக வேண்டும், அல்லது அது மனிதன்தான் என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

லட்சக்கணக்கானவர்கள் ஆடும் ஒரு வாள்சண்டை விளையாட்டு. அதை நடத்தும் கம்பெனியின் ஆறாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறை அவர்களுடையது. மனிதன் ஆடாமல் புரோகிராமை விட்டு ஆட வைக்கும் திருட்டு ஆட்டக்காரர்களைப் பிடிப்பது வேலை. அப்படி ஓடும் ஆளுக்கு அந்த அறையில் 'பொம்மை' என்று பெயர். பொம்மையா மனிதனா என்று தீர்ப்புச் சொல்வதால் அவள் 'ஜட்ஜம்மா'. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கு" என்று தொடங்குவதால் பக்கத்து நாற்காலிக்காரன் 'ஆதாரம்'. அப்பா அம்மா வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தன.

சந்தேகம் ஜட்ஜம்மாவுக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவம். மாமியார் வாசலில் நின்று "நான்தான்" என்று சொன்னாலும், கதவுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பாள். அப்படிப்பட்டவளே போன மாதம் ஏமாந்தாள். ஒருவன் உருக்கமாக நாலு வரி எழுதினான் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டாள். அது பொம்மை. அதன் பின்னாலேயே இருநூறு பொம்மைகள் நுழைந்து விளையாட்டையே மூன்று நாள் முடக்கிவிட்டன. மேனேஜர் கடிதம் கொடுத்தார். இன்னொரு தப்பு, அதோடு வீட்டுக்கு.

இப்போது இந்தச் சம்மட்டிச்சாமி. பெயர் வைத்தது ஆதாரம்தான். ஆறு வருஷமாக இருக்கும் ஆள், இந்த மாதம் திடீரென்று வாரப் பட்டியலில் முதலிடம். முந்நூறு புகார். பட்டியல் ஐந்து மணிக்கு மூடும். அழித்துவிட்டால் ஆறு வருஷ ஆட்டமும் அடியோடு போகும். எந்தக் கொம்பனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

"இருட்டுச் சோதனையிலயே மாட்டிக்கிட்டான். இன்னும் என்ன?" என்றான் ஆதாரம். "மனுஷன்னா இருட்டுல தடவுவான். பொம்மைக்கு வெளிச்சம் எதுக்கு? எதிரி எங்க இருக்கான்னு உள்ளேயிருந்தே படிச்சுக்கும்."

"ஆளை எப்படிச் செதுக்கியிருக்கான், பார்க்கலாம்."

அவள் அந்த உருவத்தின் உள்விவரங்களைத் திறந்தாள். ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஆளைத் தாங்களே செதுக்கிக்கொள்ள வேண்டும். கிடைக்கும் பலத்தைப் பங்கு போடுவதில்தான் சூட்சுமம். சம்மட்டிச்சாமி தெய்வ நம்பிக்கைக்கு ஐம்பது வைத்திருந்தான். உடல் வலுவுக்கு நாற்பது, உயிருக்கு நாற்பத்தைந்து. வேகத்துக்கு ஒன்பது, பிறக்கும்போது கொடுத்தது, அப்படியே இருந்தது.

பக்திமான் வீரனைச் செதுக்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நம்பிக்கை ஏற ஏற ஜெபங்கள் வலுப்பெறும். அவர்கள் எல்லோரும் ஒரே வழியில்தான் போவார்கள்: நெருப்பு ஜெபம் ஓதிய வாள், தூரத்திலிருந்து எறிய மின்னல் ஈட்டி, உருண்டு தப்பிக்க லேசான கவசம்.

"நம்பிக்கை ஐம்பது வச்சுட்டு மின்னல் ஈட்டி எறியாதவனை நான் பார்த்ததே இல்லை" என்றாள் அவள். "இங்க பாரு, தூரத்துல எறியிற ஜெபம் ஒண்ணுகூட இல்லை. சுத்தி நிக்கிற எல்லாருக்கும் காயம் ஆத்துற ஜெபம் ஒண்ணு. சம்மட்டிக்கு வலு ஏத்துறது ஒண்ணு. மூணாவது... முத்திரை ஜெபமா?"

ஆதாரம் விழுந்து விழுந்து சிரித்தான். "அதையா? கல்யாணப் பரிசா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டானே! அடிபட்ட எதிரி மேல முத்திரை விழும், அது வண்டு மாதிரி ரீங்காரம் போடும். வேற ஒரு மண்ணும் செய்யாது."

"மூணே ஜெபத்துக்குத்தான் இடம், அதுல ஒண்ணைப் போய் இதுக்கு வீணாக்கியிருக்கான். ஏன்?"

"பைத்தியம்."

"பைத்தியம் முதலிடத்துக்கு வராது." அவள் சம்மட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு வீச்சுக்கு அரைவட்டம் சுற்றும் ரகம். "இப்பப் புரியுது. எதையுமே குறி பார்க்கத் தேவையில்லாத ஆளாச் செதுக்கியிருக்கான். வீசினா போதும், பக்கத்துல எது இருந்தாலும் விழும். ரெண்டு அடி வாங்கிக்கிட்டு ஒரு அடி குடுக்கக் கவசம். குறி தப்புறதுக்கு வழியே இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன்! குறி பார்க்கத் தெரியாத புரோகிராமுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. ஆதாரம் இருக்கு ஜட்ஜம்மா, கேளுங்க." அவன் விரல் மடக்கினான். "தலை திருப்பிப் பார்க்கிறதே கிடையாது. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட வானத்தை அண்ணாந்து பார்க்கலை. பை திறந்தா தினமும் பட்டன் அதே மூணு கீழே, ஒண்ணு வலது, ரெண்டு கீழே. பிசகாது. வழியில அழகான கோட்டை, டிராகன், எதுக்கும் நிக்க மாட்டான். எல்லாத்துக்கும் மேல, படச் சோதனை. வளைஞ்சு நெளிஞ்ச எழுத்தைப் படத்துல காட்டி, தட்டுன்னு மூணு தடவை அனுப்பியாச்சு. மூணு தடவையும் பதில் இல்லை. நான் எதிர்ல நின்னு 'யார் நீ'ன்னு எழுதிக் காட்டினேன். என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போனான், எருமை மாடு மாதிரி."

எல்லாம் பொருந்தியது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. முழுசாகப் பொருந்துகிற எதையும் அவள் நம்புவதில்லை.

தொலைபேசி அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார்."

"போன மாசமும் அஞ்சு நிமிஷம்தான் கேட்டே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆதாரம் அழிக்கும் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். சிவப்புப் பொத்தான். அவள் விரல் அதன்மேல் வந்து நின்றது.

"எங்கெல்லாம் செத்திருக்கான்?"

"யாரு?"

"சாமி. இந்த மாசம் எத்தனை தடவை செத்திருக்கான், எங்க?"

அவன் அலுத்துக்கொண்டே வரிகளை உருட்டினான். "பதினோரு தடவை. அதுல பத்து... ஒரே இடம். அருவிக்கரை." புருவம் உயர்ந்தது. "நரி கடிச்சு செத்திருக்கான்! புதுசா வர்றவன் குச்சியால அடிச்சாலே சாகிற நரி!"

"பொம்மை நரிகிட்டச் சாகுமா?"

"பாறை தடுக்கியிருக்கும். பொம்மைங்க இடுக்குல மாட்டிக்கும்."

அவள் தன் வில்லாளி வேஷத்தோடு அருவிக்கரைக்குத் தாவினாள். பாறை இல்லை. இடுக்கு இல்லை. கால்பந்து ஆடலாம் போன்ற புல்வெளி. அருவி மட்டும் காது கிழியக் கொட்டியது. இரைச்சல் தாங்காமல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்தவள், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜட்ஜம்மா?"

"ஒண்ணுமில்லை. ஒரு சந்தேகம்."

"அது எப்பவும் இருக்கிறதுதானே!"

அவள் சிரிக்கவில்லை. சாமி இருக்கும் இடத்துக்குத் திரும்பினாள். மறுபடியும் நான்கு எலும்பு வீரர்களை இறக்கினாள். இந்த முறை வெளிச்சத்தைத் தொடவில்லை. அந்த இடத்தின் ஒலி மொத்தத்தையும் நிறுத்தினாள்.

"இது எந்தச் சோதனை? நம்ம பட்டியல்லயே இல்லையே!" என்றான் ஆதாரம்.

சம்மட்டி ஒருமுறை சுழன்றது. வெறும் காற்று. இன்னொரு முறை, எதிரியே இல்லாத பக்கம். பிறகு சாமி அப்படியே நின்றுவிட்டான். வாள்கள் முதுகில் இறங்கின. அவன் மண்டியிட்டுக் காயம் ஆற்றும் ஜெபத்தை ஓதினான். அடி விழுந்தது. மறுபடி ஓதினான். ஓடவில்லை, திருப்பி அடிக்கவில்லை. பளபளவென்ற பகல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர்களை.

"கெட்டுப்போச்சா?" ஆதாரத்தின் குரலில் முதல்முறையாக உறுதி இல்லை.

உயிர்க்கோடு கடைசி விரற்கடைக்கு வந்தபோது அவள் வில்லை எடுத்து நான்கு பேரையும் வீழ்த்தினாள். விசாரிக்கிறவர்கள் உதவக் கூடாது என்பது விதி. ஒலியைத் திரும்பக் கொடுத்தாள். சாமி மெல்ல எழுந்தான். அவள் நாணைத் தளர்த்திய கிறீச்சொலி கேட்டதும், துல்லியமாக அவள் பக்கம் திரும்பினான்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேச்சு அழைப்புப் பட்டனின் பூட்டைத் திறக்கத் தொடங்கினாள்.

ஆதாரம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம்! வேலை போயிடும்!"

அந்த அறையின் முதல் விதி அது. சந்தேகத்துக்குரிய ஆளோடு எழுத்தில் மட்டுமே பேச வேண்டும். குரலில் கூடவே கூடாது. முன்பு ஒரு விசாரணைக்காரியின் குரலைப் பதிவு செய்து ஊரெல்லாம் பரப்பி அசிங்கப்படுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே யாரும் வாயைத் திறந்ததில்லை.

"கையை எடுப்பா."

"ஏமாத்துறவன் குரல்ல மட்டும் ஏமாத்த மாட்டானா? போன மாசம் நாலு வரிக்கு உருகினீங்க!"

"அதான் இன்னைக்கு வரியை நம்பலை."

அழைத்தாள். மணி போனது. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் எடுக்கப்பட்டது.

"யாருங்க?"

பெண் குரல். ஐம்பது வயது இருக்கும். ஹெட்போனை ஒட்டிக் காதை வைத்திருந்த ஆதாரத்தின் வாய் பிளந்தது. இவ்வளவு நேரமும் 'அவன், இவன்' என்று பேசிய வாய்.

"இந்த... சம்மட்டி ஆளை ஆடுறது யாரு?" என்றாள் ஜட்ஜம்மா.

"நான்தான். வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரியா வந்து ஆடுவா? நீங்கதானே எதிர்ல நிக்கிறீங்க, வில்லோட? ரொம்ப நன்றிங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. ஆறு வருஷமா ஆடுறேன், ஒருத்தராவது கூப்பிட்டுப் பேசினதில்லை. இப்படி மணி அடிக்கும்னே இன்னைக்குத்தான் தெரியும்."

"தினமும் இவ்வளவு நேரம் எப்படி..."

"ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுல வேலைங்க. ஒரு மணிக்கு முடிஞ்சுடும். இப்ப வீட்ல தனியா இருக்கேன், அப்புறம் ராத்திரி வரைக்கும் இந்தச் சம்மட்டிதான் துணை." சிரித்தாள். "கொஞ்சம் முன்னாடி என்னங்க ஆச்சு? திடீர்னு ஊரே செத்த மாதிரி ஆயிடுச்சே. பயந்துட்டேன்."

"அதுக்கும் முன்னாடி? மண்டபத்துல சண்டை போட்டப்ப?"

"அப்ப ஒண்ணும் ஆகலையே."

கதவு திறந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தவர், அவள் காதில் ஹெட்போனையும் உதட்டருகே மைக்கையும் பார்த்து உறைந்தார். நாலு ஐம்பத்தாறு.

"குரல்லயா பேசுறே? உனக்குப் புத்தி இருக்காம்மா?"

"சார், இது பொம்மை இல்லை. நான் கையெழுத்துப் போடறேன்."

"எதை வச்சு? எவளோ ஒருத்தி போன் எடுத்தான்னா? பொம்மையை ஓட்டுறவங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்காதா?" அவர் ஆதாரத்தைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

ஆதாரம் தன் திரையைக் காட்டினான். "படச் சோதனை, சார். மூணு தடவையும் பதில் இல்லை. அதுக்குக் காரணம் சொல்லட்டும்."

"கேளு" என்றார் மேனேஜர்.

அவள் ஹெட்போனை இழுத்தெறிந்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். மூவருக்கும் கேட்க வேண்டும்.

"அம்மா, ஒரே கேள்வி. நான் இந்த விளையாட்டுக் கம்பெனிலேருந்து பேசுறேன். படத்துல இருக்கிற எழுத்தைத் தட்டச் சொல்லி உங்களுக்கு மூணு தடவை அனுப்பினோம். நீங்க ஏன் தட்டலை?"

நாலு ஐம்பத்தேழு. மேனேஜர் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். அவள் அதன்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா."

"டிங்குனு ஒரு சத்தம் வருமே, அதுங்களா?" குரல் இறங்கியிருந்தது. "அது என்னன்னு கேக்க வீட்ல ஆள் இல்லைங்க. தங்கச்சி வெளியூர் போய் எட்டு வாரமாச்சு. ஆளை உருவாக்கிக் குடுத்தது அவதான். எந்த ஜெபம், எந்த ஆயுதம், எத்தனை தடவை எந்தப் பட்டனை அழுத்தணும், எல்லாம் ரெண்டு பேரும் ஒரு வருஷம் உக்காந்து கண்டுபிடிச்சோம். வெளியில சொன்னா ஆட விடமாட்டாங்களோன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை. கோவிச்சுக்காதீங்க... எனக்குப் பொறந்ததுலேருந்தே ரெண்டு கண்ணும் தெரியாதுங்க."